தகரப் பெட்டிக்குள் ஐந்து பெயர்கள்

"…எல்லாரும் வரிசையிலை நிண்டு எழுதினவை அத்தான். வரிசை எண்டால் பதிவுதானே? நானும் நிண்டு எழுதிப்போட்டன். பேர், பிறந்த திகதி, கேஸ் நம்பர், ஹைம் விலாசம், பிறகு மனிசியும் மூண்டு பிள்ளையளும். ஒண்டும் விடேல்லை."

இதைச் சொல்லும்போது அவர் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி ஒரே சீராகப் போனது. குரல்தான் சீராக இல்லை.

அருளப்பு என்று அவரை இங்கே கூப்பிடுகிறேன். அவர் ஏறிப் பெயர் எழுதின மலைக்கு ஒரு பெயரும் வைக்கப்போவதில்லை. ஜேர்மனியின் நடுவில் ஸவர்லாண்ட் என்று ஒரு மலைநாடு இருக்கிறது. அதற்குள் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை.

என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி அவர். மன்னார்க்காரர். தொண்ணூற்றாறு ஐப்பசியில் நான் ரொறொன்ரோவிலிருந்து ஜேர்மனியில் பீலெஃபெல்ட்டுக்கு அக்கா மகளின் கலியாணத்துக்குப் போயிருந்தேன். புறப்படும்போதே மனைவி சொல்லிவிட்டாள்: "அருளப்புவைப் பாக்காமல் வந்தியள் எண்டால் எயர்போட்டிலையே படுங்கோ." அவள் தந்துவிட்ட செத்தல் மிளகாயும் கருவாடும் என் உடுப்புகளுக்கு நடுவே இருந்தன. கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இரண்டு தரம் இடம் மாறினார்கள்.

எனக்கு இந்த நாடு புதிதில்லை. எண்பத்துநாலில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, ஒரு ஹோட்டல் சமையலறையில் ஆறு வருடம் சட்டி கழுவினவன் நான். பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. டொச் என்கிற ஜேர்மன் மொழியைத் தலைமைச் சமையல்காரனின் ஏச்சில்தான் படித்தேன். அதனால் இன்றைக்கும் யாராவது மரியாதையாகப் பேசினால்தான் எனக்குச் சட்டென்று விளங்காது. ஆட்கள் சொல்லும் நல்ல வார்த்தைகளை ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் அந்த நாளிலிருந்தே உண்டு.

புதன்கிழமை காலையில் பீலெஃபெல்ட்டில் ரயில் ஏறினேன். வழியில் ஒரு ஸ்டேசனில் இந்த ரயிலை இரண்டாகப் பிரிப்பார்களாம். முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி வேறு பக்கம். அறிவிப்பு மரியாதையான டொச்சில் வந்தது. நான் ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு வேறு பக்கம் போனேன்.

எதிரே கூடையோடு இருந்த கிழவிதான் என் ரிக்கற்றை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் எங்கே போக நினைத்தீர்கள் என்று ரயிலுக்குத் தெரியாதே, ஐயா."

கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

அடுத்து நின்ற இடத்தில் இறங்கினால் ஸ்டேசனில் ஒரு மனிதரும் இல்லை. ஒரு மணிக்கூடும், காசு போட்டால் பிஸ்கட் தள்ளும் ஒரு மெஷினும் மட்டும். இரண்டரை மணித்தியாலம் மழையைப் பார்த்தேன். மன்னார் ரயில் என்றால் கார்ட் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை நிற்கும். இறங்கினவன் ஓடிப்போய் ஏறலாம். இங்கே ரயில் யாருக்காகவும் நிற்காது. அது சரியான நேரத்துக்குப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோய் விடும்.

பிறகு பஸ். உள்ளே சாரதியும் நானும்தான். "கடைசி பஸ் இது," என்றார் அவர். நாளைக்கு எப்போது என்று கேட்டேன். "நாளைக்கும் நான்தான். மழை என்றாலும் நான்தான்."

ஹைம் என்பது அகதிகளை வைத்திருக்கிற வீடு. ஒரு காலத்தில் மலையேற வருகிறவர்கள் தங்கின விடுதியாம். வாசலில் இன்னும் மரத்தில் செதுக்கின மான்தலை இருந்தது. கொம்பில் யாரோ சொக்ஸ் காயப்போட்டிருந்தார்கள். அருளப்பு வாசலுக்கு ஓடிவந்து என் பெட்டியைப் பறித்துக்கொண்டார். முப்பத்தாறு வயது. கலியாணப் படத்தில் பார்த்த ஆளில் பாதிதான் மிச்சம் இருந்தது.

அன்றைக்குப் பின்னேரம் சமையலறையில் அந்த லீக்ஸ் கறியோடு கதை வெளியே வந்தது. கிழமைக்கு இரண்டு தரம் சாப்பாட்டுப் பெட்டி கொடுப்பார்கள். ரின் மீன், பாண், லீக்ஸ். எல்லாப் பெட்டியிலும் லீக்ஸ். "லீக்ஸ் சாப்பிட்டே எனக்கு அகதி அந்தஸ்து தரலாம் அத்தான்," என்றார். செத்தல் மிளகாயைக் கண்டதும் மணந்து பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதை இதுதான். அகதி வழக்கு முடியாதவர்கள் தங்களுடைய மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாமல் வெளியே போக ஏலாது. போவதென்றால் கந்தோரில் ஒரு துண்டு வாங்கவேண்டும். நம்மவர்கள் அதற்கு உர்லாப் என்பார்கள். போன வருடம் ஆவணியில் கெவலார் மாதா கோயிலுக்குத் துண்டில்லாமல் ரயிலில் போய் அருளப்பு பிடிபட்டார். தண்டம் கட்டினார். இரண்டாம் தரம் பிடிபட்டால் அது குற்ற வழக்கு என்று கடிதத்திலேயே எழுதி அனுப்பியிருந்தார்கள். இப்போது மூன்று கிழமையில் கோர்ட்டில் அகதி வழக்குக்கு டெர்மின், விசாரணை நாள். மனைவியையும் பிள்ளைகளையும் எடுப்பிக்கலாமா இல்லையா என்பதெல்லாம் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

புரட்டாதியில் அந்த ஊர்க் கோயில் ஆட்கள் ஹைமில் இருந்தவர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நல்ல மனம்தான். ஹில்டெகார்ட் என்ற அம்மா, செத்துப்போன புருசனுடைய சப்பாத்தையும் அருளப்புவுக்குக் கொடுத்தாராம். உச்சியில் ஒரு சிலுவை. அதன் கீழே ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு கொப்பி. இந்த நாட்டு மலைகளில் அது வழக்கம். ஏறி வந்தவர்கள் சந்தோசத்துக்குப் பெயர் எழுதிவிட்டுப் போவார்கள். அருளப்புவுக்கு அது தெரியாது. ஆட்கள் வரிசையில் நிற்பதைக் கண்டார். பேனையைக் கண்டார்.

இரண்டு கிழமை கழித்து பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த வரைபடத்தை உற்றுப் பார்த்திருக்கிறார். மலையின் மேல் ஒரு புள்ளிக் கோடு. உச்சி கோட்டுக்கு அந்தப் பக்கம். வேறு மாவட்டம் மட்டுமில்லை, வேறு மாநிலம்.

"நானே எழுதிக் கையெழுத்தும் வைச்சிருக்கிறன் அத்தான். எல்லையைத் தாண்டினன் எண்டு."

நான் சிரித்துவிட்டேன். "விசர்ப்பெடியா, அது விளையாட்டுக் கொப்பி. அதை ஒருத்தரும் வாசிக்கிறதில்லை."

அவர் சிரிக்கவில்லை. "இந்த நாட்டிலை எழுதினதை ஒருத்தரும் வாசியாயினமோ? நீங்கள் ஆறு வரியம் இருந்தனீங்கள். நெஞ்சிலை கை வைச்சுச் சொல்லுங்கோ."

என் கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிரிப்பு அதோடு நின்றது. மன்னார்ப் பாலத்தடி ஆமிச் சோதனைச்சாவடியில் வெயிலுக்குள் நின்று, குடும்பத் தலைவர் யார், கூட வந்தவர் யார், வந்த நோக்கம் என்ன என்று எழுதிக் கொடுத்த ஆட்கள்தானே நாங்கள். அந்தக் கொப்பிகளை யாரோ வாசித்தார்கள். வாசித்ததால் சில வீடுகளுக்கு யாரோ வந்தார்கள்.

வியாழக்கிழமை முழுக்க மழை. அந்தத் தாளைக் கிழித்துவிடவேண்டும் என்று அவர் நின்றார்; மலைக்குப் போக ஏலவில்லை. அறையில் அவருக்கும் மூன்று பேருக்குமாக நாலு கட்டில்கள். ஒரு கட்டிலில் நாங்கள் இருவரும் காலை மடக்கிக்கொண்டு இருந்தோம். தன் மனைவி ஸ்ரெல்லாவின் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அவளும் பிள்ளைகளும் மடுக் கோயிலடி அகதி முகாமில். மூத்தவன் யூட், அடுத்தது றெஜினா, கடைசி நிரோசினி. நிரோசினி பிறந்தபோது அருளப்பு வெளிக்கிட்டு நாலு மாதம். அவளை அவர் இன்னும் காணவில்லை. அனுப்பின ஒரேயொரு படமும் வழியில் நனைந்து, பிள்ளையின் முகம் இருந்த இடத்தில் ஊதா நிறம் படர்ந்திருந்தது.

"இதைக் கேளுங்கோ," என்று ஒரு வரியை விரலால் தொட்டு வாசித்தார். "'சின்னவளிட்டை ஆர் பேர் கேட்டாலும் நிரோசினி அருளப்பு எண்டு முழுசாத்தான் சொல்லுறாள். நிரோசினி எண்டு மட்டும் கூப்பிட்டால் திரும்பியும் பாக்கிறாள் இல்லை.'"

கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு திரும்ப எடுத்து, மடிப்புச் சரியில்லை என்று வேறு விதமாக மடித்தார்.

"நான் தனிய ஏறிப்போய்க் கிழிச்சுப்போட்டு வாறன். எனக்குக் கனடாப் பாஸ்போட். நீர் இஞ்சையே இரும்," என்றேன்.

"ஓம் அத்தான்," என்றார். விடிந்து பார்த்தால் செத்தவருடைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "எல்லைக் கல்லடி மட்டும் வாறன்."

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. வானம் விடவில்லை. கஷ்டமான மலை இல்லை அது. மஞ்சள் அடையாளம் போட்ட பாதை ஆட்டுக்குட்டி போகிற மாதிரி வளைந்து வளைந்து போகும். மூச்சு வாங்காது. இரண்டரை மணித்தியாலம். கீழே பழுத்த மாவிலை நிறத்தில் இலைகள் நனைந்து கிடந்தன. அதற்குமேல் ஊசியிலைக் காடு, பகலிலேயே இருட்டு. அது வடிவான காடு என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் வடிவைப் பார்க்க வந்தவர்கள் போல எங்களால் நடக்க முடியவில்லை. அருளப்பு ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பார்த்தார்.

எதிரே வந்த எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். கிழவன், கிழவி, நாய் பிடித்துக்கொண்டு வந்த பெண். பஸ் தரிப்பிடத்தில் நின்றால் எங்களைத் தாண்டிப் பார்க்கிற அதே ஆட்கள்.

"பாத்தீங்களோ அத்தான்? கீழை நிண்டால் முகம் தராயினம். ஏற ஏற மனிசராகினம்."

கொப்பியை எடுத்தேன். "அதையும் எழுதாதையுங்கோ!" என்று என் கையைப் பிடித்தார். விளையாட்டுக்குச் சொன்னார் என்று நினைத்தேன். ஆனால் பிடியை விடவில்லை. கொப்பியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். அந்த வார்த்தையை ரொறொன்ரோவுக்கு வந்துதான் எழுதினேன்.

கல் ஒரு மரத்தடியில் இருந்தது. முழங்கால் உயரம், பாசி பிடித்தது. ஒரு பக்கம் ஒரு எழுத்து, மறுபக்கம் வேறொரு எழுத்து. வேலி இல்லை, காவல் இல்லை. இந்தப் பக்கத்து மரத்தின் இலைகள் அந்தப் பக்கம் விழுந்து கிடந்தன.

அருளப்பு நின்றார். "இவ்வளவுதான். இதுக்கு மேலை நீங்கள்."

நான் தாண்டினேன். இருபது அடி போயிருப்பேன். பின்னால் சப்பாத்துச் சத்தம்.

"நீர் நில்லும் எண்டெல்லோ சொன்னனான்!"

"தாளை விடுறதோ, கிழிக்கிறதோ, அது என்ரை பேர் அத்தான். நான்தான் செய்யவேணும்." நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு மரக்குடில். உள்ளே ஒரு அம்மா பெரிய அண்டாவில் பட்டாணி சூப் வைத்திருந்தாள். நம்முடைய பருப்பைக் கடையாமல் விட்டு, உப்பை மட்டும் நம்பிச் சமைத்த மாதிரி. ஆனால் கைக்குச் சூடாக இருந்தது. உள்ளே சொசேஜ் துண்டுகள். வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது என்று அருளப்பு ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கிண்ணத்துக்குள் போட்டார்.

"எனக்கும் வெள்ளிக்கிழமைதானே தம்பி?"

"நீங்கள் கனடாக் கத்தோலிக்கர். மன்னிப்புக் கிடைக்கும்."

அந்தப் பயணத்தில் அவர் சிரித்தது அங்கேதான். அதுவும் கரண்டிக்கு மேலாக.

குடிலம்மா மேலே மூடியிருந்த பனிப்புகாரைப் பார்த்து, "இன்றைக்கு ஏறிப் பிரயோசனமில்லை, ஒன்றும் தெரியாது," என்றாள். நான் அருளப்புவுக்குச் சொன்னேன்.

"நல்லது. எங்களையும் ஒருத்தருக்கும் தெரியாது," என்று எழும்பினார்.

உச்சியில் மரங்கள் இல்லை. வெறும் பற்றைக்காடு, காற்று, வெள்ளைப் புகார். சிலுவை பக்கத்தில் போனபிறகுதான் தெரிந்தது. அருளப்பு முழங்காலில் இருந்தார். இருந்துகொண்டே தகரப் பெட்டியைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் கொப்பி. நூலில் கட்டின பேனை. நான் குடையை விரித்துப் பிடித்தேன்.

பக்கத்தைத் தேடவேண்டி இருக்கவில்லை. மற்ற எல்லாரும் ஒரு வரி கிறுக்கியிருந்தார்கள். "அருமையான வெயில்", "கால் வலிக்கிறது", "மாமி ஜெயித்தாள்" என்று. நடுவில் அரைப் பக்கத்துக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்தில், அடிமட்டம் வைத்ததுபோல், ஒரு குடும்பம். அந்தோனி அருளப்பு. ஸ்ரெல்லா அருளப்பு. யூட் அருளப்பு. றெஜினா அருளப்பு. நிரோசினி அருளப்பு. மேலே கேஸ் நம்பர். கீழே, வந்த நோக்கம்: கோயில் ஆட்கள் கூட்டிக்கொண்டு வந்தது. தங்கும் காலம்: ஒரு மணித்தியாலம். பிறகு கையெழுத்து.

"தாளைக் கிழியும்," என்றேன்.

அவர் தாளைப் பிடித்தார். மறுபக்கத்தைப் புரட்டினார். அங்கே ஒரு வகுப்புப் பிள்ளைகள் வந்து எழுதியிருந்தார்கள். இருபது பெயராவது இருக்கும். கோணல் எழுத்துகள். ஒரு பிள்ளை தன் பெயருக்குப் பக்கத்தில் கால் முளைத்த சூரியன் கீறியிருந்தது.

"ஆற்றையோ பிள்ளையளின்ரை பேர். கிழிக்க ஏலாது அத்தான்."

"அப்ப உம்மடை பேரை வெட்டும்."

பேனையை எடுத்தார். முதலில் கேஸ் நம்பர். பிறகு பிறந்த திகதி, விலாசம், கையெழுத்து. பிறகு அந்தோனி அருளப்பு. ஈரத் தாளில் பேனை மெழுகியது. அவர் ஒவ்வொரு எழுத்தாகப் போய், உள்ளே ஒன்றும் தெரியாதபடி அடைத்தார். முடிந்தது என்று நினைத்தேன். அவர் பேனையை வைக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னால் வருவது தகப்பனின் பெயர். மனைவிக்குப் பின்னால் வருவதும் அதுதான். அவரை ஓரிடத்தில் வெட்டினாலும் இன்னும் நாலு இடத்தில் இருக்கிறார்.

பின்னால் காலடிச் சத்தம். ஊன்றுகோலோடு ஒரு கிழவரும் மனைவியும் புகாருக்குள்ளிருந்து வந்தார்கள். கொப்பியில் நாங்கள் இருப்பதைக் கண்டு மூன்று அடி தள்ளி வரிசையாக நின்றார்கள். அருளப்புவின் தோள் இறுகியது.

"எல்லாம் ஒழுங்குதானா?" என்று கிழவர் கேட்டார்.

"ஒரு பிழை. திருத்துகிறார்," என்றேன்.

"ஆ. அது சரி," என்று தலையை ஆட்டினார். அந்த நாட்டில் பிழை திருத்துகிறவனை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். இருவரும் மழைச்சட்டைத் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

அருளப்பு, ஸ்ரெல்லாவுக்குப் பின்னால் இருந்ததை வெட்டினார். யூட்டுக்குப் பின்னால் இருந்ததை வெட்டினார். றெஜினாவுக்குப் பின்னால் வெட்டும்போது அழுத்தம் கூடித் தாள் கொஞ்சம் கிழிந்தது. பெருவிரலால் அதைத் தடவிச் சமப்படுத்தினார். மூன்று பேரும் அந்தப் பக்கத்தில் தனிப் பெயரோடு, ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு கறுப்புக் கட்டையோடு நின்றார்கள்.

பேனை கடைசி வரிக்கு வந்தது: நிரோசினி அருளப்பு. நின்றது. குடை விளிம்பிலிருந்து ஒரு துளி தாளில் விழுந்தது. அவர் சட்டைக் கையை இழுத்து, எழுத்து கலங்காதபடி ஒற்றி எடுத்தார்.

"தம்பி," என்று காதுக்குள் சொன்னேன், "இன்னும் ஒண்டு கிடக்கு. அதை விட்டால் இவ்வளவு தூரம் வந்ததிலை அர்த்தமில்லை."

"தெரியும் அத்தான்," என்றார். எழும்பினார். திரும்பி, நூல் போகிற தூரத்துக்குப் பேனையைக் கிழவரிடம் நீட்டினார்.